என்ட வளவு, என்ட மரம்: வெட்டுவதற்கு யாரிடம் கேட்பது?

கேள்வி, 2023 ஆவணி 19

மட்டக்களப்பு ரவுணுக்குள் எங்கள் வீடு. பின்வளவில் பெரிய பலா ஒன்று நிற்கிறது, கொப்பு பக்கத்து வீட்டுக் கூரைச் சீற்றுக்கு மேலே போய்விட்டது. வெட்டுவதென்றால் மாநகர சபையில் அனுமதி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டம் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், உங்கட உறுதிக் காணி, உங்கட மரம், ஞாயிற்றுக்கிழமை ஆள் பிடித்து வெட்டிப்போடுங்கள், யார் கேட்கிறது என்கிறார். எது சரி?

ஆவணி 19, இரவு

இரண்டும் பிழை. பலா என்றால் பிரதேச செயலகம். மாநகர சபைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1951இல் வந்த மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண்பனை, இந்த மூன்றும் உங்கள் சொந்த உறுதிக் காணியில் நின்றாலும் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். செயின் சோ சத்தம் நாலு வளவு தாண்டிக் கேட்கும். சீற்றுக்காரர் இன்றைக்கு உங்களை வெட்டச் சொல்வார், வெட்டும்போது சீற் உடைந்தால் அவரே பொலிசுக்கும் போவார்.

ஆவணி 20

நேற்று ஒரு மூச்சில் எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். இன்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலைக்காக 2019இல் நான் அலைந்திருக்கிறேன். எங்கள் வீடு ரவுணுக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில். ஊர்ப் பெயர் வேண்டாம், கந்தோரின் பெயரும் வேண்டாம்.

முதலில் கிராம சேவகர். அவரிடம் உறுதிப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, ஏன் வெட்டப் போகிறோம் என்று ஒரு கடிதம். அவர் வந்து பார்த்துச் சிபாரிசு எழுதுவார். அதைக் கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தில், பழைய ஆட்கள் ஏ.ஜி.ஏ. கந்தோர் என்பார்களே, அங்கே கொடுக்க வேண்டும். மறுகா அங்கிருந்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் மரத்தைப் பார்க்க வருவார்.

நான் விண்ணப்பத்தை என் பெயரில் எழுதிக் கொண்டுபோனேன். திருப்பித் தந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தானே போகும். அது மனைவியின் தாய் வழியில் வந்த வளவு, உறுதி மனைவியின் பெயரில். விண்ணப்பம் அவ பெயரில் இருக்க வேண்டும், ஒப்பமும் அவதான் வைக்க வேண்டும். மட்டக்களப்பில் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை, ஆகையால் கந்தோருக்கு வெளிக்கிடும் முன் உறுதியை எடுத்து யார் பெயர் என்று பாருங்கள். மனைவியின் அக்காவுக்கும் தங்கைக்கும் பங்கு இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதமும் வாங்கி வையுங்கள்.

ஆவணி 20, பின்னேரம்

படுவான்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், எங்களிடம் உறுதி இல்லை, பெர்மிட் காணிதான், அதற்கும் இதே வழியா என்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்த பெர்மிட் என்றால் காணி இன்னும் அரசுடையதுதான். எந்த மரமாக இருந்தாலும் முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பேசுங்கள். அங்கே பேசாமல் கோடரியைத் தொட வேண்டாம்.

ஆவணி 22

ஒரு திருத்தம். மாநகர சபைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று 19ஆம் திகதி எழுதினேன், அது சரியில்லை. சபையில் முன்பு வேலை செய்த ஒரு அண்ணன் வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். வீதிக்கு மேலே கொப்பு தொங்குகிறது, மரம் வீதிப் பக்கம் சாய்ந்து போகிற வருகிற ஆட்களுக்கு ஆபத்து என்றால் அது உள்ளூராட்சி சபையின் பாடு. மாநகர சபையோ பிரதேச சபையோ, உங்களைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லவும் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் சபை கடிதம் தந்துவிட்டது என்பதற்காகப் பலாவை அடியோடு தறித்துவிட முடியாது. அதற்குப் பிரதேச செயலகத்துக்கும் போகத்தான் வேண்டும்.

பக்கத்து வளவுக்குள் விழும் கொப்பு வீதிக் கதை இல்லை. அது இரண்டு வீட்டாருக்கு இடையில் உள்ளது. பேசி முடியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. நீதிமன்றத்துக்குப் போய்க் காசைக் கொட்டுவதற்கு முன் அங்கே போய் உட்காருங்கள்.

ஆவணி 27

எத்தனை நாள் எடுக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எங்களுக்கு நாலு மாதம். அதில் ஆறு கிழமை எங்கள் கோப்பு எந்த மேசையில் கிடந்தது என்றே தெரியாது. போகிறபோதெல்லாம் "அந்த மிஸ் லீவு" என்ற பதில்தான். நான் மாசியில் கொடுத்தேன், வைகாசிக் கடைசியில்தான் ஆள் பார்க்க வந்தார். கார்த்திகை மழைக்கு முன் வெட்ட வேண்டும் என்று இப்போது ஆவணியில் ஓடத் தொடங்கியிருக்கிறீர்கள், அது ஏற்கெனவே பிந்திவிட்டது. நாளைக்கே கிராம சேவகரைப் பிடியுங்கள்.

சரி, அந்த வெளிக்கள உத்தியோகத்தர் வந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு இந்த விடயத்தில் என் எண்ணமே மாறிவிட்டது.

எங்கள் வளவில் இரண்டு பலா நின்றன. ஒன்று மதிலோரம், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் குசினிச் சீற்றின் மேலே சாய்ந்தபடி. பெரியம்மாவின் மகன் கட்டாரிலிருந்து வந்து 2017இல் அந்த மதிலைக் கட்டினார். பழம் விழுந்து ஒரு சீற் வெடித்த பிறகு, இந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று கந்தோருக்கு ஒரு பெட்டிசமும் போட்டார். மற்றது கிணற்றடியில், நேராகக் கம்பம் போல, வருக்கைப் பலா. அதன் சுளைக்காக மனைவியின் ஆட்கள் வாழைச்சேனையிலிருந்து வருவார்கள். நான் விண்ணப்பித்தது மதிலோரத்து மரத்துக்கு மட்டும்.

வந்தவர் இளம் பொடியன், முப்பது வயதுகூட இருக்காது. நான் சாய்வைக் காட்டிக் காட்டிப் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டி ஒன்று கேட்டார். மதிலோரம் முழங்காலளவு மண்ணை ஒதுக்கினார். எங்கள் பக்கம் எல்லாம் மணல்தானே, கைக்கே வரும். உள்ளே தொடையளவு வேர் ஒன்று, கேக் வெட்டினது போல நேராக அறுந்து, வெட்டுமுகம் கறுத்துப்போய் இருந்தது. மதிலுக்கு அத்திவாரம் கிண்டும்போது வெட்டியிருக்கிறார்கள். "இதான் ஐயா, மரம் சாயத் தொடங்கினது எப்ப எண்டு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன், மதிலுக்குப் பிறகுதான்.

அப்படியென்றால் விழும்தானே, வெட்ட எழுதித் தாருங்கள் என்றேன். அவர் மற்றப் பக்கம் வந்து எங்கள் வளவுப் பக்க வேரைக் கிண்டிக் காட்டினார். அது முழுசாக, உயிரோடு, கீறினால் பால் வருகிறது. சாய்ந்து நிற்கிற மரத்தை இழுத்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து வேர்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மதிலுக்கு அங்கால போகிற கொப்புகளின் பாரத்தைக் குறையுங்கள், மரம் நிற்கும் என்றார்.

அதோடு போயிருந்தால் எனக்குக் கோபம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். போகிற வழியில் கிணற்றடிப் பலாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அடியில் காது போலக் காளான் இருந்தது, நாங்கள் வருசக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். கத்தியைத் திருப்பி அதன் பிடியால் மரத்தில் தட்டினார். மதிலோரத்து மரம் டொக் டொக் என்று கல்லில் தட்டினது போல இருந்தது. இது பொத் பொத் என்றது, பழைய மத்தளம் போல. நெஞ்சளவு உயரம் வரைக்கும் அந்தச் சத்தம்தான், உள்ளே கோறை. "இதுக்குத்தான் நீங்க விண்ணப்பிக்க வேணும்" என்றார்.

மனைவி அழுதுவிட்டா.

ஆவணி 28

நேற்றைய குறிப்புக்கு ஒருவர், அப்படியானால் அனுமதி என்பது நல்லதுதான் என்கிறீர்களா, ஆறு கிழமை கோப்பைத் தொலைத்த கந்தோருக்கு வக்காலத்தா என்று கேட்கிறார். கோப்பு கிடந்தது பிழைதான், அதில் எனக்கு மாற்றமில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு குடும்பத்தைக் கோறை மரத்துக்குக் கீழே படுக்க வைக்கக்கூடிய பிழை அது. ஆனால் அந்தப் பொடியன் மண்வெட்டி எடுத்திருக்காவிட்டால் நான் நல்ல மரத்தை வெட்டிவிட்டு, விழப்போகிற மரத்துக்குக் கீழே தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்திருப்பேன். இரண்டும் உண்மை.

ஆகையால் கேள்வி கேட்டவருக்கு: கந்தோர் ஆள் வரும்வரைக்கும் இருக்காமல் நீங்களே மரத்தடியில் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். அடியில் காளான் இருக்கிறதா, தட்டினால் சத்தம் எப்படி, சாய்வுக்கு மற்றப் பக்கம் மண் வெடித்திருக்கிறதா, சமீபத்தில் யாராவது மதில், கக்கூஸ் குழி, தண்ணீர்க் குழாய் என்று கிண்டினார்களா. மண் வெடித்துக் கிளம்பியிருந்தால் அன்றைக்கே கிராம சேவகருக்குப் படத்தோடு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது, இரவானாலும் எடுப்பார்கள்.

புரட்டாதி 3

ஏன் இந்த மூன்று மரத்துக்கு மட்டும் சட்டம் என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. மூன்றும் சாப்பாட்டு மரம். சிங்களத்தில் பலாவை 'பத் கச' என்பார்கள், சோற்று மரம். அரிசி இல்லாத காலத்தில் பலாக்காயை அவித்துத் தின்று உயிர் தப்பிய ஆட்கள் இந்த நாடு முழுக்க இருந்திருக்கிறார்கள். ஆர்தர் வி. டயஸ் என்று ஒருவர் ஊர் ஊராகப் பலா நடச் சொல்லித் திரிந்து 'கொஸ் மாமா' என்றே பெயர் எடுத்தார், பலா மாமா. பெண்பனையும் அப்படித்தான். பழம், பனாட்டு, கிழங்கு, ஒடியல் எல்லாம் அதிலிருந்துதானே. 2022இல் அரிசி விலை ஏறிக் காஸ் வரிசையில் நின்ற மாதங்களில் எங்கள் வீட்டில் கிழமைக்கு மூன்று நாள் பலாக்காய்க் கறி, மதிலோரத்து மரத்துக் காய். பெரியம்மா வீட்டுக்கும் அதுதான். அந்த மரத்தை வெட்டத்தானே நாலு மாதம் கந்தோருக்கு நடந்தேன் என்று அப்போது பலமுறை நினைத்திருக்கிறேன்.

புரட்டாதி 4

வெட்டுவதற்கு ஏன் அப்படி அவசரப்பட்டீர்கள் என்று அதே தங்கச்சி. சூறாவளி, வேறொன்றும் இல்லை.

1978 கார்த்திகை 23 இரவு எனக்கு ஏழு வயது. எங்கள் வயதுக்காரருக்கு மட்டக்களப்பில் இதை விளக்கத் தேவையில்லை. விடியச் சத்தம் நின்று வெளியே வந்தபோது வளவு எது, ஒழுங்கை எது என்று தெரியவில்லை, எல்லாம் தென்னை, ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தது. அதுவரைக்கும் எங்கள் வாசலிலிருந்து கடல் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. கிழிந்த பச்சை இலையின் மணம் இன்னும் எனக்கு மூக்கில் நிற்கிறது, புல் வெட்டும் மெசின் ஓடினால்கூட வயிற்றுக்குள் ஏதோ செய்யும்.

எங்கள் வீட்டு இரண்டு பலாவும் மாமி, மனைவியின் தாய், அடுத்த வருசம் வைத்தவை. தென்னையெல்லாம் போனபிறகு வெறும் மணலாகக் கிடந்த வளவில் முதலில் வைத்த கன்றுகள். எனக்கு மரம் என்றால் பயம், மாமிக்கு மரம் இல்லாவிட்டால் பயம். அவ 2015இல் போய்விட்டா. இருந்திருந்தால் விண்ணப்பத்தை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

புரட்டாதி 5

கரண்ட் கம்பியில் கொப்பு முட்டுகிறது என்று கேட்டவருக்கு: நீங்கள் ஏற வேண்டாம், ஆளையும் ஏற்ற வேண்டாம். மின்சாரக் கந்தோருக்கு அறிவித்தால் வந்து வெட்டுவார்கள். ஈரக் கொப்பில் கரண்ட் வரும்.

புரட்டாதி 16

கொப்பு குறைத்த விதம் கேட்டீர்கள். நாங்கள் பிடித்த ஆள் முதலில் தலையை மொட்டையாக வெட்டிவிடலாம், ஒரே நாளில் முடியும் என்றார். விடவில்லை. மொட்டையடித்த மரத்தில் கொத்துக் கொத்தாகப் புதுக் கொப்பு வரும், அது மேல்தோலில்தான் ஒட்டியிருக்கும், நாலு வருசத்தில் பாரம் ஏறினதும் காற்றில் கழன்று விழும். மதிலுக்கு அங்கால போன நாலு பெரிய கொப்பை மட்டும் துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்கினோம். ஒவ்வொன்றுக்கும் அடியில் இருந்து மேல்நோக்கி ஒரு அரை வெட்டு, மறுகா கொஞ்சம் தள்ளி மேலிருந்து முழு வெட்டு. அடிவெட்டு இல்லாவிட்டால் கொப்பு விழும்போது மரத்தின் பட்டையை ஒரு பாகம் உரித்துக்கொண்டு போகும். பால் கையிலும் வாளிலும் ஒட்டும், தேங்காய் எண்ணெய் பக்கத்தில் வையுங்கள்.

பெரியம்மா கதிரை போட்டுக் குசினி வாசலில் உட்கார்ந்து முழு நாளும் பார்த்தா. கடைசிக் கொப்பு இறங்கினதும், "இவ்வளவுதானா மனே? இதுக்கா எண்ட பொடியன் பெட்டிசம் போட்டான்?" என்றா. பெட்டிசம் போட்ட நாளிலிருந்து இரண்டு வீட்டாரும் பேசவில்லை. அன்றைக்குப் பின்னேரம் தேத்தண்ணி வந்தது.

ஐப்பசி 2

மரத்தைக் கொண்டு போவது பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். வெட்ட ஒரு அனுமதி, ஏற்ற இன்னொரு அனுமதி. வெட்டும் கடிதத்தை லொறிக்காரர் கையில் கொடுத்து அனுப்பினால் வழியில் பிடிபடுவார். பலாக் குற்றியை வளவிலிருந்து மரக்காலைக்குக் கொண்டுபோகத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும், அதில் வாகன இலக்கம், எங்கிருந்து எங்கே, எத்தனை குற்றி எல்லாம் இருக்கும். நாங்கள் எழுதின லொறி பழுதாகி வேறு லொறி வந்தது. இலக்கம் மாறினதால் அன்றைக்கு ஏற்றவில்லை, அடுத்த நாள் திருத்தி எடுத்துத்தான் ஏற்றினோம். பொழுது பட்ட பிறகு மரம் ஏற்றி ஓடவும் கூடாது. வெட்டும் விண்ணப்பம் கொடுக்கிற அன்றைக்கே இதற்கு எந்த மேசை என்று அங்கே கேட்டு வையுங்கள்.

கிணற்றடி மரத்தைத் தறித்த அன்று அடிக்குற்றி பிளந்தது. உள்ளே என் கை தோள்மூட்டு வரைக்கும் போனது. கறையான் புற்று, கறுப்பு மண், ஒரு பாம்புச் சட்டை. நல்ல மரம் என்று சுற்றிவர இருந்தது நாலு விரற்கடைதான். மேல்துண்டு மட்டும் சுத்தம், மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், வெயில் பட்டுப் பட்டு இப்போது மண்ணிறமாகிவிட்டது. அதில் இரண்டு கதவு செய்தோம். ஒரு துண்டை மத்தளம் கடைவதற்கென்று ஒரு அண்ணாவியார் கேட்டு வாங்கினார், வடமோடிக் கூத்துக்கு. காசு வாங்க மனைவி விடவில்லை.

கார்த்திகை 9

கேள்வி கேட்டவர் இன்று படம் அனுப்பியிருக்கிறார். அண்ணன், இது பலா இல்லை! இலை கை விரித்தது போல வெட்டு வெட்டாக இருக்கிறது, இது ஈரப்பலா. மூன்று மாதம் எல்லோரும் பலா பலா என்று எழுதியிருக்கிறோம். சட்டம் ஒன்றுதான், அதுவும் பட்டியலில் இருக்கிற மரம், நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தில் பெயரை மட்டும் உடனே திருத்துங்கள். இல்லாவிட்டால் பார்க்க வருகிறவர் அப்படியே திரும்பிப் போவார். ஆனால் ஒரு வித்தியாசம், ஈரப்பலாவின் கொப்பு பலாவைவிட மென்மை, சட்டென்று முறியும். நல்ல ஏறுகிற ஆளாகப் பிடியுங்கள், இடுப்புக் கயிற்றை அவர் நிற்கிற கொப்பில் கட்ட விடாதீர்கள், நடுமரத்தில் கட்டச் சொல்லுங்கள்.

படத்தில் இன்னொன்று தெரிகிறது. மரத்தடியில் சீமெந்துத் தரை போட்டிருக்கிறீர்கள், மரத்தைச் சுற்றி ஒரு சாண்கூட விடவில்லை. அதை இந்தக் கிழமையே உடைத்துக் கொஞ்சம் மண்ணைத் திறந்துவிடுங்கள்.

மார்கழி 3

2020இல் இதே நாட்களில்தான் புரெவிச் சூறாவளி வந்தது. அது திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறினது, எங்களுக்கு மழைதான் கூட. ஆனால் அன்றைக்கு இரவு நான் படுக்கவில்லை. பெரியம்மாவையும் மகனையும் எங்கள் முன்னறைக்கு வரச் சொல்லிவிட்டு, ரோர்ச்சை அடித்து அடித்து மதிலோரத்து மரத்தைப் பார்த்தபடி இருந்தேன். தலை ஆடினது, அடி அசையவில்லை. விடிய ஐந்து மணிக்குப் பெரியம்மா வந்து பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "போய்ப் படு மனே" என்றா.

2024 தை 21

கேள்விக்காரருக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம், முழு மரத்துக்கும். தரையை உடைத்துப் பார்த்தபோது வேர் ஒரு பக்கம் அழுகியிருந்ததாம். நான் கொப்பு குறைத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன், வெளிக்கள ஆள் பார்த்துச் சொன்னதைச் செய்யுங்கள், அதுதான் சரி. மழை விட்டு மண் இறுகட்டும், மாசியில் வெட்டுங்கள்.

மரத்துக்குப் பதிலாகக் கன்று வைக்கச் சொன்னார்களா என்று அவர் கேட்கிறார், எங்களுக்குச் சொன்னார்கள், மூன்று வைக்கச் சொன்னார்கள். வருக்கைக் கொட்டையையே மனைவி முளைக்கப் போட்டு வைத்தா. கிணற்றிலிருந்தும் மதிலிலிருந்தும் இருபது அடி தள்ளி. இரண்டு இப்போது என் தலைக்கு மேலே போய்விட்டது. மூன்றாவதை ஆடு தின்றுவிட்டது, அந்த இடத்தில் இந்த ஈரம் காய்வதற்குள் இன்னொன்று வைக்க வேண்டும்.